தீர்வில் ஓர் ஓட்டை

‘இந்த வாக்கியம் பொய்’ என்று கருத்தரங்க மேடையில் இருந்த கரும்பலகையில் எழுதினார் இளம் ஆய்வாளர்.

“மெய்ன்னா பொய்யாகுது, பொய்ன்னா மெய்யாகுது. அதனால ரெண்டுமே இல்லைங்கிறதுதான் நாம இருபது வருஷமாப் படிக்கிற புத்தகத்தோட தீர்வு. சரி, இப்படி எழுதினா?”

‘இந்த வாக்கியம் மெய் இல்லை.’

“ரெண்டுமே இல்லைன்னா, மெய்யும் இல்லை. அதைத்தானே இது சொல்லுது? மறுபடி மெய்யாயிடுச்சே!”

முன்வரிசை நிருபருக்குத் தலை சுற்றியது. பக்கத்து அம்மாளோ கை சிவக்கத் தட்டினார்.

“உங்க பொண்ணா?”

“மருமக!”

“குடுத்து வெச்சவங்க. அந்தப் புத்தகம் எழுதின மனுஷன்தான் பாவம். இனி தூக்கம் வருமா?”

“மனுஷன் இல்ல, மனுஷி. அது என் புத்தகம்தான்,” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார் அம்மாள். “ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டு, எப்படிச் சொல்றதுன்னு இவதான் ஒரு வாரமாத் தூங்கல. ‘மேடையிலயே சொல்லுடி’ன்னு நான்தான் தள்ளிவிட்டேன்!”