நேரத்துக்குக் கிளம்பிய விமானம்

"யாருக்காக அந்தக் கதவை இன்னும் தொறந்து வெச்சிருக்கீங்க?"

கான்ட்ராக்டர் போட்ட சத்தத்தில் அந்தக் குட்டி விமானமே ஒரு முறை குலுங்கியது. பத்தொன்பது இருக்கை, ஒரே ஒரு பணிப்பெண், குனிந்து நடந்தாலும் தலையில் இடிக்கும் கூரை. டவுன் பஸ்ஸுக்கு யாரோ ஆசைப்பட்டு இறக்கை ஒட்டியது போல இருக்கும்.

"இன்னும் ஒருத்தர் வரணும் சார். வழியில வண்டி பஞ்சராம். கேட் கிட்ட வந்துட்டாரு, அஞ்சே நிமிஷம்," என்றாள் பணிப்பெண்.

"டிக்கெட் வாங்கின நாங்க உள்ளே உட்கார்ந்து வேகணும், அவரு ஆடி அசைஞ்சு வருவாரா?"

"அவரு டிக்கெட் வாங்கலை சார், கம்பெனி பாஸ்..." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஓசியா!" கான்ட்ராக்டர் எழுந்தேவிட்டார். தலை கூரையில் இடித்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

நேரம் தவறாமையைப் பற்றிப் பேச அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் முடித்துத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்த வீட்டில், பிள்ளை பிறந்து நடக்கிற வரைக்கும் சாரம் நிற்கும்.

ஆனால் இன்று விஷயம் வேறு. நாளைக் காலை அவருடைய ஒரே மகளுக்குப் பதிவுத் திருமணம். பள்ளி ஆண்டு விழாவிலிருந்து பட்டமளிப்பு வரை எல்லாவற்றுக்கும் நாற்காலி அடுக்குகிற நேரத்தில் போய்ச் சேர்ந்த அப்பா அவர். "இதுக்காவது நேரத்துக்கு வாங்கப்பா. இல்லாட்டி வரவே வேணாம்," என்று அவள் போனில் சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. இந்தக் குட்டி விமானம் போய் இறங்கும் இடத்தில், இன்று சாயங்காலம் கிளம்பும் பெரிய விமானத்தைப் பிடித்தால்தான் கல்யாணத்தைப் பார்க்க முடியும்.

"அஞ்சு நிமிஷம்தானேங்க, விடுங்களேன்," என்றாள் மனைவி.

"அஞ்சு நிமிஷம்னா எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்!"

"உங்க நல்லதுக்குத்தான் சார் சொல்றேன். அவரு யாருன்னா..." என்று ஆரம்பித்தாள் பணிப்பெண்.

"யாரா இருந்தா எனக்கென்னம்மா? மந்திரியாவே இருக்கட்டும்!"

போனை எடுத்தார். இந்த விமானக் கம்பெனி முதலாளிக்கு வீடு கட்டிக்கொண்டிருப்பவரே அவர்தான். மாடிப்படிக்குக் கைப்பிடி மட்டும் பாக்கி. கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டால் அது இந்த ஜென்மத்தில் வராது என்ற பயத்தில், முதலாளி முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

உடனே உத்தரவு பறந்து வந்தது. கதவு சாத்தப்பட்டது. கம்பெனி சரித்திரத்தில் முதன்முறையாக விமானம் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது.

மனைவி ஜன்னல் வழியே பார்த்தாள். வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட ஒருவர், சக்கரம் வைத்த கறுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு, கையை ஆட்டி ஆட்டி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"பாவம்ங்க."

"ஓசியில வர்றவருக்கு இப்பவாவது நேரத்தோட அருமை தெரியட்டும்," என்று கான்ட்ராக்டர் அவருக்கு டாட்டா காட்டினார். பின்சீட்டுக்காரர் எட்டிக் கைகொடுத்தார்.

இறங்கியதும் முதல் வேலையாக மகளுக்குப் போன் போட்டார். "வந்துட்டேம்மா! இந்தத் தடவை உங்கப்பன் எல்லாருக்கும் முந்திட்டான்!" மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. கண் கலங்கியதை மனைவி பார்த்துவிடாமல் துடைத்துக்கொண்டார்.

நிமிர்ந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். பெரிய விமானம் நாளை மத்தியானம் என்று போட்டிருந்தது.

கவுன்ட்டருக்கு ஓடினார். "என்ன சார் இது அநியாயம்! விமானம் ரிப்பேரா?"

"விமானம் ஜம்முன்னு வாசல்லயே நிக்குது சார். ஓட்டுறதுக்குத்தான் ஆள் இல்லை." கவுன்ட்டர்க்காரர் கையை விரித்தார். "எங்க பைலட் வர வேண்டிய குட்டி விமானத்தை, யாரோ ஒரு பெரிய மனுஷன் சத்தம் போட்டு நேரத்துக்குக் கிளப்பிட்டாராம்!"