பத்து விரல்களும்

பார்வையாளர் வரிசையில் அவள் வீட்டார் மூவர்: பெரியப்பா, அம்மா, கணவன். பட்டாம்பூச்சி நீச்சலில் இது அவளுக்குக் கடைசிப் போட்டி. கூரைக் கண்ணாடி வழியே விழும் வெயில் தண்ணீரில் நெளிகிறது. அதைக் கிழித்துக்கொண்டு இரு கைகளையும் ஒருசேர வீசி எழுகிறாள், மூழ்குகிறாள். சுவரையும் இரு கைகளாலும் ஒன்றாகத்தான் தொட வேண்டும். போன முறை இடக்கை முந்தியதில் வெற்றியே பறிபோனது. பெரியப்பா முதுகு சாயாமல் உட்கார்ந்திருக்கிறார். "மாமா, நீங்களாவது மூச்சு விடுங்க," என்கிறான் கணவன். "அவ தொடட்டும், மாப்பிள்ளை." தொடுகிறாள், பத்து விரல்களும் ஒரே சத்தமாக. பிழை கண்டால் உயரும் நடுவரின் கை தாழ்ந்தே இருக்கிறது. பெரியப்பா மூச்சு விடுகிறார், அம்மா சிரிக்கிறாள். தோள் போனதால் விலகுகிறாள் என்று வெளியே ஒரு பேச்சு உலவுகிறது. பொய். தோளுக்கு ஒன்றுமில்லை, போதும் என்று சொன்னவள் அவள்தான்.