துணைக்கு வந்தவர்

"அட, சும்மா நடுங்காத பிரேமலா! பல்லைச் சுத்தம் பண்ணத்தான் வந்திருக்கோம், புடுங்க இல்ல," என்றார் ரூபேந்திரன்.

மனைவியிடம்தான் சொன்னார். ஆனால் ஜொகூர் பாருவின் அந்தப் பல் கிளினிக்கில் காத்திருந்த ஏழு பேருக்கும் கேட்டது. கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் அவர். "பயமா இருக்கு, துணைக்கு வாங்க" என்று மனைவி கேட்டதால் இன்று லீவு. அந்த ஒரு நாள் லீவைப் பெரிய தியாகமாக நினைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பிரேமலா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஈறுக்கு அடியில ஆழமா சுத்தம் பண்றதுன்னா ரொம்ப வலிக்கும்ங்கறாங்களேங்க. ஊசி எல்லாம் போடுவாங்களாம்."

"ஊசியாம் ஊசி!" ரூபேந்திரன் பக்கத்து நாற்காலிக்காரரைச் சாட்சிக்கு இழுத்தார். அவர் லாரி ஓட்டும் ராஜசேகரன். ஒரு கன்னம் போண்டா மாதிரி வீங்கியிருந்தது. வாயைத் திறக்க முடியாதவர் என்பதாலேயே ரூபேந்திரனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று.

"அண்ணே, பதினொரு வருசமா தைப்பூசத்துக்கு வாயில அலகு குத்துறவன் நான். இந்தக் கன்னத்துல நுழைஞ்சு அந்தக் கன்னத்துல வரும். சுத்தி நின்னு எல்லாரும் 'வேல்! வேல்!'னு கத்துவாங்க. ஒரு சொட்டுக் கண்ணீர் வரணுமே? ம்ஹூம்! இவ என்னடான்னா கொசு கடிக்கிற மாதிரி ஒரு ஊசிக்கு ஒரு வாரமா என் உயிர வாங்குறா."

ஒரு வாரம் என்பது உண்மைதான். கிளினிக்கில் கொடுத்த விளக்கத் தாளைத் தினமும் சாப்பாடு முடிந்ததும் அவரிடம் நீட்டி, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றாள் பிரேமலா. ஏழு நாளில் ரூபேந்திரன் பாதிப் பல் டாக்டர் ஆகிவிட்டார். மீதிப் பாதியை அவரே சேர்த்துக்கொண்டார்.

"கேளுங்கண்ணே. முதல்ல மரத்துப்போக ஊசி. அப்புறம் ஈறுக்கு அடியில கல்லு மாதிரி அழுக்கு ஒட்டியிருக்குல்ல, அதை மெஷினை வச்சுச் சுரண்டி எடுப்பாங்க. கர்ருனு சத்தம் வரும். தண்ணி தெறிக்கும். கொஞ்சம் ரத்தம் வரும். இன்னிக்கு ஒரு பக்கம், அடுத்த வாரம் மறுபக்கம். ரெண்டு மூணு நாளைக்குப் பல்லு கூசும். அவ்ளோதான்லா!"

"பல்லு ஆடிராதா?" என்றாள் பிரேமலா.

"மண்டு! சுத்தம் பண்ணலைன்னாதான் ஆடும். ஈறு விட்டுப்போயி, எலும்பு கரைஞ்சு, ஒண்ணொண்ணா கையோட வந்துரும். அம்பது வயசுல பொக்கை வாயோட நிக்கணுமா? தாள்ல தெளிவா போட்டிருக்கு."

"தெனமும் காலையில பேசின்ல ரத்தம் கெடக்குதேங்க. அதைப் பார்த்ததுல இருந்துதான் இந்தப் பயம்."

"ஆங்... ஆமா, ஆமா. நானும் பார்த்தேன்." ரூபேந்திரன் அவசரமாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அதுக்குத்தானே கூட்டிட்டு வந்திருக்கேன். நீ உள்ள போனதும் நான் கீழ போயி ரொட்டி சானாயும் மீன் கறியும் சாப்பிட்டு வரேன். ஒனக்குத்தான் காரம் கூடாது. கஞ்சிதான்."

"கஞ்சி காலையிலேயே வச்சுட்டு வந்துட்டேங்க. தாள்ல சிகரெட்டு பத்திக்கூட ஏதோ இருந்துச்சே?"

"மூணு நாளைக்குத் தொடக்கூடாதாம். அலமாக்! நீ எப்ப சிகரெட்டு குடிக்க ஆரம்பிச்சே?"

கிளினிக்கே சிரித்தது. ராஜசேகரன்கூடச் சிரிக்கப் பார்த்து, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். ரூபேந்திரன் வழக்கம்போல் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

பிரேமலா சிரிக்கவில்லை. "கடைசி நேரத்துல பயந்து எந்திரிச்சு ஓடிட்டா என்னங்க பண்றது?"

"ஓட விட்டுருவோமா? குண்டுக்கட்டா தூக்கிட்டுப் போயி நாற்காலியில உக்கார வச்சிர மாட்டோம்? அண்ணே, நீங்களும் ஒரு கை குடுப்பீங்கல்ல?"

ராஜசேகரன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"சத்தியமா?" என்றாள் பிரேமலா.

"முருகன் மேல சத்தியமா! இத்தனை பேரு முன்னாடி சொல்றேன், போதுமா?"

உள்கதவு திறந்தது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி லோஷினி தலையை நீட்டி, "ரூபேந்திரன்!" என்று கூப்பிட்டாள்.

"என் கம்பெனி மெடிக்கல் கார்டுல்ல, அதான் என் பேரு," என்று எல்லோருக்கும் பொதுவாக விளக்கம் சொல்லிவிட்டு, மனைவியின் முழங்கையைத் தட்டினார். "எந்திரி, எந்திரி. தைரியமா போ."

பிரேமலா எழுந்தாள். கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்து மிஸ்ஸியிடம் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் ரூபேந்திரனின் மேல் கால் தானாகக் கீழே இறங்கியது.

லோஷினி கடிதத்தைப் பிரித்துப் படித்தாள். "கம்பெனியில சாரோட பல்லைச் சோதிச்சு எழுதிக் குடுத்த லெட்டர்தானே? சரி, நீங்க உக்காருங்கக்கா. நீங்கதான் போன மாசமே தனியா வந்து ரெண்டு பக்கமும் முடிச்சுட்டீங்களே. சார், நீங்க உள்ள வாங்க."

"நாலு மாசமா கார் டிராயர்ல, சிகரெட்டுப் பொட்டிக்கு அடியில கெடந்துச்சு மிஸ்ஸி," என்றாள் பிரேமலா.

ரூபேந்திரனின் கண் வாசல் பக்கம் போவதற்குள், ராஜசேகரன் எழுந்து வாசலை மறித்து நின்று, வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடியே முதல்முறையாக வாயைத் திறந்தார்: "வேல்! வேல்!"