காலிக் குழி

“அறுபத்துமூணு. காலி. எழுதிக்கப்பா,” என்றார் ஏரிக் குழுத் தலைவர்.

நோட்டும் கையுமாகக் கூடவே வந்த செயலாளர் எழுதாமல் நின்றான். எழுதினால் ஆட்டுக்காரம்மாவின் பிழைப்பில் மண் விழும் என்பது கரையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த ஏரி வெறும் சேற்றுப் பள்ளம். திட்டத்துக்காரர்கள் வந்தார்கள், ஊரே இறங்கித் தூர் வாரியது, கரையில் வீட்டுக்கு ஒரு குழியாக எண்பது நாவல் கன்றுகள் வைத்தார்கள். ஒவ்வொரு கன்றின் அடித்தண்டிலும் எண் பொறித்த தகர வில்லை ஒன்றைக் கம்பியில் கோத்துக் கட்டினார்கள்.

இன்றைக்குக் கிணறுகளில் தண்ணீர் நிற்கிறது. கரைப் புல்லை நம்பி வீட்டுக்கு வீடு மாடு வாங்கியாயிற்று. பால் வண்டி ஊருக்குள்ளேயே வந்து போகிறது.

அந்தப் புல்லை நிரந்தரமாகப் பங்கு பிரிக்கத்தான் இந்தக் கணக்கெடுப்பு. அன்றைக்குக் கட்டிய வில்லையோடு மரம் நிற்க வேண்டும். குழி காலியான வீட்டுக்குப் புல்லில் பங்கும் கிடையாது, குழுவில் இடமும் கிடையாது. விதி தலைவர் போட்டது. அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். அவரை வளைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி, அவளும் இப்போது இல்லை.

செயலாளர் மெல்ல இழுத்தான். பதினோரு ஆடுகள், ஒண்டிக்கட்டை, புல் இல்லையென்றால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு உட்கார வேண்டியதுதான் என்றான்.

“பதினோரு ஆட்டை வளக்கத் தெரியுது, ஒரு கன்றை வளக்கத் தெரியலையா? அதைத் தின்னதே அந்த ஆடுங்கதானே. கேளு, அவங்களே சொல்லுவாங்க.”

ஆட்டுக்காரம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஐந்து வருடமாகச் சொல்லும் அதே பதில்தான்.

“ஆமாண்ணே. தின்னுடுச்சு.”

“எழுதிக்கப்பா.”

செயலாளர் எழுதினான்.

பாக்கி ஒரே ஒரு மரம். தலைவர் தன் வீட்டு மரத்தை எப்போதும் கடைசியாகத்தான் பார்ப்பார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

நாற்பத்தொன்று. அவர் மனைவி வைத்தது. கன்றை இறக்கி, மண் தள்ளி, காலால் மிதித்துவிட்டு, “முதல் பழம் எனக்கு, கொட்டை உங்களுக்கு” என்று சிரித்தாள். மறுவாரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நாற்பது நாள் அங்கேயே கிடந்துவிட்டு, எல்லாம் முடிந்து அவர் மட்டும் திரும்பி வந்தார்.

கொளுத்துகிற கோடை. பூட்டிய வீட்டுக்குப் போகப் பயந்துகொண்டு நேரே கரைக்கு வந்தார். கன்று லேசாகத் துவண்டிருந்தாலும் பச்சையாக நின்றது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் முதல் முறையாக வாய்விட்டு அழுதார். நாற்பது நாளும் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை. பிறகும் தோன்றவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் இங்கே ஆஜர். மகன் போன் பண்ணியது, அடுப்பில் வைத்ததைத் தீய விட்டது எல்லாவற்றையும் மரத்திடம் ஒப்பிப்பார். இந்த வருடம் காய்த்தது. முதல் பழத்தைத் தின்ன மனம் வராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சாயம் ஏற்றியதுதான் மிச்சம். எத்தனை துவைத்தும் கறை போகவில்லை. அவரும் அந்தச் சட்டையை விடவில்லை.

அன்றும் அதே சட்டைதான். மண்டியிட்டு மரத்தடிப் புல்லை விலக்கினார். வில்லை இருந்தது. நாற்பத்தொன்று.

போன மாத மழையில் கரை மண் கொஞ்சம் கரைந்திருந்தது. ஒரு சாண் கீழே, இதுநாள்வரை மண்ணுக்குள் இருந்த தண்டில் இன்னொரு கம்பி தெரிந்தது. அவிழ்த்தால் பட்டை உரியும் என்று யாரோ அப்படியே விட்டு மண்ணைப் போட்டு மூடியிருக்க வேண்டும். பட்டை அதைப் பாதி விழுங்கியிருந்தது. தொங்கிய வில்லையைக் கட்டை விரலால் தேய்த்தார்.

அறுபத்துமூன்று.

அந்தக் கோடை நாள் அப்படியே கண்முன் வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தபோது கரைச் சரிவில் ஆட்டுக்காரம்மா காலிக் குடத்தோடு நின்றாள். முழங்கை வரைக்கும் மண். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடம் சொன்னது ஒன்றே ஒன்று. ஆட்டை இந்தப் பக்கம் ஓட்டாதே.

தலைவர் திரும்பாமலே கேட்டார். “எப்பம்மா மாத்தி வெச்சே?”

கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவளுக்கு விளங்கியது.

“அண்ணி போன சேதி வந்த மறுநாள்ண்ணே. அண்ணி வெச்சது கருகிக் கிடந்துச்சு. நீங்க தனியா வந்து இதையும் பாக்கணுமான்னு இருந்துச்சு,” என்றாள். “ஆடு பாவம். அது மேல பழியைப் போட்டுட்டேன்.”

தலைவர் மரத்தில் வைத்த கையை எடுக்கவில்லை. ஐந்து வருடமாக யாருடைய மரத்திடம் போய் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார். அதற்காக மரத்தின் மேல் இருந்த பிரியம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

மெல்ல எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அந்த நோட்டுல அடிச்சு எழுதுப்பா. அறுபத்துமூணு இருக்கு. காய்ச்சுகூட இருக்கு.”

செயலாளர் பேனாவும் கையுமாக முழித்தான். “அப்ப அந்தக் காலிக் குழி?”

“அது என் வீட்டுது.”