செகோவியா போய் வந்த சோடி

"இஞ்ச பாருங்கோ இந்தப் படத்தை."

கார் ஓட்டிக்கொண்டிருந்த விக்னராஜா பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. இரண்டு மாதமாக மனைவி யோகராணியின் போனில் இருக்கிற படம். ரயில் இருக்கையில் அவருடைய சிநேகிதர் இந்திரகுமாரும் மனைவி மிருணாளினியும் தலையோடு தலை முட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கீழே ஒரு வரி: 'மாட்ரிட்டிலிருந்து செகோவியாவுக்கு, ஒரு நாள் உலா.'

"கலியாணம் கட்டி முப்பது வருசம். இன்னும் அந்த மனிசன் மனிசியை ரெயில்ல ஏத்திக்கொண்டு போய் ஊர் காட்டுது," என்றாள் யோகராணி. "உங்களோட பக்கத்தில இருக்கிற டண்டினோங் சந்தைக்குப் போறதெண்டாலும் நான் மூண்டு தரம் கேக்கவேணும்."

"கார் ஓட்டேக்க கதை குடுக்காதை."

நோபல் பார்க் வீட்டிலிருந்து கிரான்பர்னுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மத்தியான விருந்துக்குக் கூப்பிட்டிருந்ததும் அதே இந்திரகுமார்தான். பின் இருக்கையில் மகள் மயூரா காதில் எதையோ மாட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

விக்னராஜாவுக்கு அன்று கோபம் வரவில்லை. கையில் ஆயுதம் இருந்தது.

பொறாமை ஒரு மனிதனைச் சோம்பலாக இருக்க விடாது. ஸ்பெயினின் ரயில் அட்டவணை, வரைபடம், போய் வந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாவற்றையும் அவர் இரண்டு கிழமையில் படித்து முடித்திருந்தார். மனைவியை அங்கே கூட்டிப் போவதற்குக்கூட அவ்வளவு படிப்புத் தேவைப்பட்டிருக்காது.

நண்டுக் கறிக்கு நடுவில் தொடங்கினார்.

"மச்சான், செகோவியாக் கதையை நீ இன்னும் வடிவாச் சொல்லேல்லையே. எப்பிடி, தூரமோ?"

"சீ, அரை மணித்தியாலத்தில கொண்டுபோய் விட்டுட்டான்." இந்திரகுமார் நண்டுக் காலை உடைப்பதில் கவனமாக இருந்தார்.

"இறங்கி?"

"நடந்துதான். ஸ்டேஷனுக்கு வெளியால வந்தா அந்தப் பெரிய கல்லுப் பாலம். அஞ்சு நிமிசம்."

"பாலம் இல்லை, மச்சான். ரோமர் தண்ணி கொண்டுவரக் கட்டின வாய்க்கால்."

"ஓம், ஓம். அதுதான்."

விக்னராஜா எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தீர்ப்புச் சொல்லும்போது விரலில் கறி இருக்கக் கூடாது.

"அரை மணித்தியாலத்தில போறதெண்டா அது வேக ரெயில். வேக ரெயில் நிக்கிற ஸ்டேஷன் ஊருக்கு வெளியால, வெட்ட வெளியில கிடக்கு. வாய்க்காலடிக்குப் போறதுக்கு பஸ் எடுக்கவேணும். அஞ்சு கிலோமீட்டரை நீங்கள் அஞ்சு நிமிசத்தில நடந்தனீங்களோ?"

மிருணாளினி தேவையில்லாமல் எழுந்து குசினிக்குள் போனாள்.

"மறந்து போச்சுது போல," என்றார் இந்திரகுமார்.

"படம் ஏன் ஒண்டே ஒண்டு? அதுவும் ரெயிலுக்குள்ள எடுத்தது? குடிக்கிற கோப்பிக்கே படம் போடுற ஆள் நீ!"

"இஞ்சேருங்கோ, விடுங்கோவன்," என்றாள் யோகராணி.

"இல்லை யோகா, நீதான் இதை வடிவாக் கேக்கவேணும். மயூரா! நீ ஆறு மாசம் மாட்ரிட்டில படிச்சனி. சொல்லு பிள்ளை, செகோவியா ஸ்டேஷன் எங்க இருக்கு?"

அன்றைய விருந்தே, படிப்பை முடித்துப் போன கிழமை திரும்பி வந்த மயூராவுக்காகத்தான். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தெரியாது, அப்பா. நான் அங்க போகேல்லை. ப்ளீஸ், விடுங்கோ."

"அங்க இருந்த பிள்ளைக்குத் தெரியாது. இஞ்ச இருக்கிற தகப்பனுக்குத் தெரியுது." விக்னராஜா போனில் வரைபடத்தைத் திறந்து மேசையில் தள்ளினார். "பார், மச்சான்."

இந்திரகுமார் அதைப் பார்க்கவில்லை.

"சரி. நாங்கள் செகோவியாவுக்குப் போகேல்லை."

"என்னண்ணை சொல்லுறியள்?" யோகராணிக்கு வாய் மூடவில்லை.

"போகேல்லை, தங்கச்சி. சும்மா சொன்னனான்."

விக்னராஜா கதிரையில் சாய்ந்தார். இரண்டு மாதத்தில் முதல் முறையாக மூச்சு முழுதாக வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இந்திரகுமாரின் மதிப்பு இறங்குவதைக் காண்பதற்குத்தானே இத்தனை படிப்பும்!

அதோடு நிறுத்தியிருக்கலாம். வென்றவர்களுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரிவதில்லை.

"அப்ப அண்டைக்கு விடியத் தொடங்கிப் பொழுதுபடும் வரைக்கும் ரெண்டு பேரும் எங்க நிண்டனீங்கள்? அதையும் சொல்லன்!"

"ஹோட்டல்ல படுத்திட்டம்."

"போதும், அங்கிள். இனியும் பொய் சொல்லாதேங்கோ."

மயூரா எழுந்து நின்றாள்.

"அங்கிளும் அன்ரியும் ரெயிலில ஏறி இருந்தவை, அப்பா. நான் வயித்து நோவில அழுதுகொண்டு போன் எடுத்தனான். ரெயில் வெளிக்கிட முதல் இறங்கி ஓடி வந்திட்டினம். அப்பெண்டிக்ஸ். உடனே ஒப்பரேஷன். உங்களுக்குத் தெரிஞ்சா படிப்பை விட்டுட்டு வா எண்டுவீங்கள். அதால ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதெண்டு அவையிட்ட சத்தியம் வாங்கினது நான்தான்."

மேசையில் கிடந்த போனை அவள் அப்பாவின் பக்கம் திருப்பித் தள்ளினாள்.

"அண்டைக்கு நீங்கள் 'செகோவியா எப்பிடி?' எண்டு மெசேஜ் போட்டனீங்கள் எல்லே, அப்பா? அங்கிள் ஒப்பரேஷன் தியேட்டர் வாசல்ல நிண்டுதான் 'நல்ல வடிவு' எண்டு பதில் போட்டவர்."