அறுபத்து மூன்றாவது கையெழுத்து

"சரி, அவர்கிட்ட யார் போய்ச் சொல்றது?"

தையல்காரம்மா இப்படிக் கேட்டதும் பள்ளிக்கூட அறையில் இருந்த இருபது பேரும் தரையைப் பார்த்தார்கள். தரையில் ஊரே கிடந்தது. தெரு, குழாய், சாக்கடை என்று எல்லாவற்றையும் சாக்பீஸால் வரைந்திருந்தார்கள். நடுவில் நீலத்தில் ஆறு. அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் கட்டப்போகிற நடைபாலம்.

ஊருக்கு என்ன வேண்டும் என்பதை ஊரே கூடி உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்று ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தையல்காரம்மாதான் அந்தக் குழுவுக்குத் தலைவி. அவள் அலைந்த அலைச்சலில் தெருவிளக்கு வந்தது, மேட்டுத்தெருவுக்குக் குழாய் வந்தது. சாக்கடையை ஊரார் தாங்களே மண்வெட்டி பிடித்து வெட்டி முடித்தார்கள். பாலம் மட்டும் கோடாகவே நின்றது.

ஆஸ்பத்திரி, பஸ், பெரிய பள்ளிக்கூடம் எல்லாமே அக்கரையில். போன மழையில் வெள்ளம் கரைபுரண்டு ஓடிய நாளில்தான் சைக்கிள் கடைக்காரரின் மனைவிக்கு வலி எடுத்தது. எந்தப் படகும் இறங்க முடியாத வெள்ளம். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் உள்ளூர் நர்ஸ் அக்கரையில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். நல்லவேளை, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு பாலம் வேண்டாம் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

ஆனால், பாலம் வந்தால் படகோட்டி என்ன செய்வார்?

படகோட்டி, தையல்காரம்மாவின் நாத்தனார் கணவர். அப்பாவுக்குப் பிறகு துடுப்பைப் பிடித்தவர், இருபத்தாறு வருஷமாக ஊரை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கறாரான ஆள். படகில் யாரும் எழுந்து நிற்கக் கூடாது, குனிந்து தண்ணீரைத் தொடக் கூடாது. வானம் லேசாகக் கறுத்தாலே படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். தண்ணீரின் குணம் தெரிந்த மனுஷன் என்று ஊரே அவரைப் பற்றிப் பெருமைப்படும். அப்படிப்பட்டவர் வயிற்றில் அடிக்க யாருக்கு மனசு வரும்?

அதனால் அவருக்குத் தெரியாமலே திட்டம் போட்டார்கள். கூட்டத்துக்கு அவர் வருகிற சத்தம் கேட்டால் தையல்காரம்மா அவசரமாகக் காலால் வெள்ளைக் கோட்டை அழிப்பாள். பேச்சு சாக்கடைக்குத் தாவிவிடும். வெட்டி முடித்த சாக்கடையைப் பற்றியே ஏழு கூட்டம் பேசியாகிவிட்டது. அவரும் ஓரமாக உட்கார்ந்து, பொறுமையாகத் தலையாட்டிவிட்டுப் போவார்.

இனிமேல் அப்படி ஒப்பேற்ற முடியாது. இரும்பும் சிமெண்டும் தர அரசு அலுவலகம் சம்மதித்துவிட்டது. வேலை செய்ய ஊரார் தயார். ஒரே நிபந்தனை, எல்லா வீட்டுக் கையெழுத்தும் வேண்டும். அறுபத்து மூன்று வீட்டில் அறுபத்திரண்டு வீட்டில் வாங்கியாயிற்று.

அவரைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். சைக்கிள் கடைக்காரர் தன் கொட்டகையில் பாதியைத் தருவதாகவும் பஞ்சர் ஒட்டத் தானே சொல்லித் தருவதாகவும் சொன்னார். ஆஸ்பத்திரியில் காவலாளி வேலை காலியாக இருக்கிறது, டாக்டரிடம் பேசுகிறேன் என்றாள் நர்ஸ். கடைசியில், தையல்காரம்மாவோடு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்வது என்று முடிவானது.

மறுநாள் காலை கரையிலேயே சொல்லிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்கு வாய் வரவில்லை. பேசாமல் படகில் ஏறி உட்கார்ந்தாள். மற்ற இருவரும் முழங்கையால் இடித்து இடித்து, நடு ஆற்றில்தான் அவளுக்குத் தைரியம் வந்தது.

"அண்ணா, தப்பா நினைக்காதீங்க. ஆத்துக்குப் பாலம் கட்டப் போறோம்."

துடுப்பு அப்படியே நின்றது. படகு மெல்லப் பக்கவாட்டில் இழுபட்டது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. சைக்கிள் கடைக்காரர் அவசரமாகப் பஞ்சர் கடை யோசனையைச் சொன்னார். நர்ஸ் காவலாளி வேலையை விளக்கினாள். எதுவும் அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"ரெண்டு பக்கமும் கைப்பிடி வைப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கம்பி வருகிறது என்றாள் தையல்காரம்மா. அவர் என்றைக்கும் இல்லாத வேகத்தில் துடுப்புப் போட்டார். அக்கரையில் இறங்கி, படகைக் கட்டிவிட்டு, கை நீட்டிக் கையெழுத்துப் படிவத்தை வாங்கினார். நர்ஸின் பேனாவால், முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போயிற்று.

அதைப் பார்க்கச் சகிக்காமல் சைக்கிள் கடைக்காரரும் நர்ஸும் மேடேறி நடந்துவிட்டார்கள். தையல்காரம்மாவால் நகர முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. ஊருக்கு நல்லது செய்வதாகச் சொல்லிக்கொண்டு ஒரு குடும்பத்தின் தொழிலைப் பிடுங்குகிற பாவம் தனக்கு வேண்டாம் என்றாள். அவர் மனசில் துளி வருத்தம் இருந்தாலும் போதும், இந்தக் காகிதத்தை இங்கேயே கிழித்து ஆற்றில் விட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினாள்.

அவர் பதறிப்போய்ப் படிவத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். மேட்டில் ஏறிய இருவரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உன் நாத்தனாருக்குக்கூட இது தெரியாதும்மா. எனக்கு நீச்சல் தெரியாது."