ஷதாவா, அரீஜா

அரபுக் கடற்கரை ஊரான சலாலாவின் சாரல் ஜன்னல் கம்பிகளில் முத்து முத்தாகத் தொங்குகிறது. பாலில் நனைத்த துணிபோல மதிய வெளிச்சம் அறைக்குள் கிடக்க, தும்னா தணலின் மேல் ஒரு சிட்டிகைத் தூபத்தூளைத் தூவிவிட்டுக் கணவன் முசல்லமின் முகத்தையே பார்க்கிறாள். போன மாதக் காய்ச்சல் அவளுடைய மோப்பத்தைக் கொண்டுபோய்விட்டது. ஊருக்கே கல்யாணத் தூபம் கலந்து கொடுப்பவளுக்கு அது போனது முசல்லமைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தொழிலே போயிற்று. மணப்பெண்ணின் தாய் இன்னும் சற்று நேரத்தில் முகர்ந்து பார்க்க வருகிறாள். “நல்லாருக்கு,” என்கிறான் முசல்லம். “நல்லாருக்குன்னு ஒரு வாசனை இருக்கா? சரியான சொல்லாச் சொல்லுங்க.” “நான் மீன்காரன். எனக்குத் தெரிஞ்சது ஸஃபர் ஒண்ணுதான்.” “அந்தக் கவுச்சியோடதான முப்பது வருஷமாக் குடும்பம் நடத்துறேன். இது ஷதாவா, வந்ததும் மூக்குல ஏறுதா? இல்ல அரீஜா, மெல்லப் பரவுதா?” அவன் கண்ணை மூடுகிறான். புகை அவன் தாடிக்குள் புகுந்து தங்கி, காதோரமாக மேலே போகிறது. “முதல்ல ஒண்ணும் தெரியல. அப்புறம்... நீ தலைக்குக் குளிச்சிட்டு அடுத்த ரூம்ல முடிய உலர்த்துவியே, அப்ப நிதானமா இங்க வரைக்கும் வருமே, அந்த மாதிரி.” “அப்ப அரீஜ்தான். அது பொண்டாட்டிக்கு ஆகும், புதுப்பொண்ணுக்கு ஆகாது. அவளுக்கு முன்னால அவ வாசனை வாசல் தாண்டணும்,” என்று குந்திரிக்கத்தை நுணுக்கி இன்னும் ஒரு சிட்டிகை போடுகிறாள். புகை சுருண்டு எழுகிறது. வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது. ஏதோ சொல்ல வாயெடுத்த முசல்லம் அப்படியே நிற்கிறான். புகை மூக்கில் ஏறியதும் அவன் கண்கள் சட்டென விரிகின்றன. தும்னா அவன் சொல்லுக்குக் காத்திராமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறாள்.